பெண் பார்க்க ஒரு டியூப் லைட்

பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில் விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும் என்று செசிலியா ஒற்றைக்காலில் நின்றாள். மகள் மிஷெல் கருப்பு. ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் கிள்ளான் வரை வந்து, கேக்கையும் வடையையும் ஒரு கை பார்த்துவிட்டு, “சொல்லி அனுப்பறோம்” என்று போனதோடு சரி. மூன்றாவது இடமும் கைநழுவிவிடுமோ என்று அவளுக்குப் பயம். அதற்கு அவளே கண்டுபிடித்த மருந்துதான் புது டியூப் லைட்.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள்.

“அண்ணே, உள்ளதிலேயே வெள்ளையா ஒண்ணு குடுங்க. புள்ள கொஞ்சம் கலரா தெரியணும் லா.”

மிஷெலின் முகம் சுண்டிப்போனதைச் செசிலியா பார்த்தாள், பார்க்காதது போல் இருந்துகொண்டாள். மிஷெலுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க விளக்கடியில் நிறம் ஒத்துப் பார்ப்பவள்.

“அங்கிள், நெறத்தை உள்ளபடி காட்டுமே, ஒன்பதுல ஆரம்பிக்கிற நம்பர் போட்ட டியூப், அது இருக்கா?”

“இப்பல்லாம் எல்லாரும் எல்இடிதான் கேக்குறாங்க. பழைய ஸ்டாக் இருக்கும்மா,” என்று கடைக்காரர் தேடி எடுத்து வந்தார்.

முதலில் செசிலியா கேட்டது எரிந்தது. கண் கூசும் வெள்ளை. மிஷெல் அதனடியில் கையை நீட்டினாள்.

“என்னடி, சாம்பல் பூசின மாதிரி இருக்கு!”

“வெள்ளையா எரிஞ்சா மட்டும் போதாதும்மா. இது செவப்பைச் சரியா காட்டாது. தோலுல ரத்தம் ஓடுறதே தெரியாது.”

அடுத்ததில் வெளிச்சம் சற்றுக் குறைவு. ஆனால் கைக்கு உயிர் வந்துவிட்டது. கருப்பும் தப்பாமல் தெரிந்தது. செசிலியா அரை மனதோடுதான் அதை வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மழை மூட்டத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. பையன் கென்னத் நேராக அதனடியில் உட்கார்ந்தான்.

தேநீர் நீட்டும்போதுதான் செசிலியா கவனித்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை பவுடர். காலர் அருகே பவுடர் நின்று, அவனுடைய நல்ல கருப்பு தொடங்கியது. வேறு விளக்கென்றால் தப்பித்திருப்பான்.

“அங்க உக்காராதடா, இந்தப் பக்கம் வா,” என்று அவன் அம்மா பதறினாள். அந்தப் பதற்றத்தைச் செசிலியா நன்றாக அறிவாள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“வேர்க்குது தம்பி. உள்ள போயி மூஞ்சி கழுவிட்டு வாங்க. நம்ம வீடுதானே.”

எப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தவனைப் போல் அவன் எழுந்து போனான். கழுவித் துடைத்துக்கொண்டு வந்தவனை மிஷெல் நேராகப் பார்த்துச் சிரித்தாள். முன்பு வந்தவர்களிடம் அவள் தலையே நிமிர்ந்ததில்லை.

கென்னத்தின் அம்மா செசிலியாவின் பக்கம் சாய்ந்து, “ரொம்பக் கருப்பா தெரியுறானாக்கா?” என்று கிசுகிசுத்தாள்.

“அழகா இருக்காரு,” என்றாள் செசிலியா.

பெற்ற மகளை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.