நாலாம் கலசத்துக்குப் பிறகு

பெரியக்கா நாலாம் கலசத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கட்டிலில் தம்பி. கால்மாட்டில் அவன் மனைவி, தையல்காரி. சன்னலோரம் அவர்கள் மகள். கதவை ஒட்டிய நாற்காலியில், தம்பி ஓட்டிய ஆம்புலன்ஸில் கூட வேலை பார்த்தவர்; அவரை எல்லோரும் ஸ்ட்ரெச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிலைப்படியில், வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து அப்படியே நின்றுவிட்ட பக்கத்து வீட்டுக்காரி. வேறு யாராவது தாங்களும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வேதம் வரிசையாக வாசிக்கப்படும். நாளுக்கு ஓர் அதிகாரம். கல்யாண நாளானாலும் காய்ச்சல் நாளானாலும் நேற்று விட்ட இடத்திலிருந்துதான் இன்று. பிடித்ததைப் பொறுக்கி வாசிப்பது, பயமாக இருப்பதைத் தாண்டிப் போவது எல்லாம் அடுத்த வீடுகளில். அப்பா வைத்த ஒழுங்கு அது. அவருக்குப் பின் பெரியக்கா அதை இம்மி பிசகாமல் காத்து வந்தார். வேதத்தின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தார்கள். குதிரைகள் ஓடி முடிந்து, எக்காளங்கள் ஊதி முடிந்து, அன்றைக்கு வாதைகளைப் பூமியின்மேல் ஊற்றும் ஏழு கலசங்களின் அதிகாரம்.

காலையில் வந்த நர்ஸ், "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு தம்பியின் மனைவி அடுக்களையில் பெரியக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, இன்னைக்கு மட்டும் கடைசி ரெண்டு அதிகாரத்த வாசிச்சிருங்களேன். புது வானம், புது பூமின்னு வருமே. நல்லதக் கேட்டுட்டுப் போகட்டும் அவரு."

"நம்ம வீட்ல தாண்டி வாசிச்சதில்ல."

"தெரியும் அண்ணி. அதனாலதான் கேக்குறேன்."

பெரியக்கா அறைக்குத் திரும்பினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து, வரிசைப்படியே ஆரம்பித்தார். முதல் கலசத்தில் புண்கள். இரண்டாவதில் கடல் இரத்தமானது. மூன்றாவதில் ஆறுகள். நாலாவதில் சூரியன் மனிதர்களைத் தீயாய்ச் சுட்டது. அந்த இடத்தில் தம்பி மூச்சுக்குத் திணறினான். நெஞ்சு ஏறி இறங்கியது. மகள் ஓடி வந்து தலையணையை உயர்த்தினாள்.

பெரியக்கா தம்பியைப் பார்த்தார். பிறகு பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பினார். புதிய வானம், புதிய பூமி என்று ஆரம்பித்தார். குரல் ஒரு சுருதி தாழ்ந்திருந்தது. தம்பியின் மனைவி தலைகுனிந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் தன் வீட்டுக்குப் போனாள்.

அவள் போனபிறகுதான் தம்பி ஒரு கண்ணைத் திறந்தான்.

"அக்கா."

"என்னடா."

"நாலுதான் ஆச்சு."

பெரியக்கா விரலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

"மிச்சம் மூணு எங்க?"

"உனக்கு முடியல. பேசாம கேளு."

"எண்ணிக்கை சரியா வராம வண்டிய எடுக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்ட்ரெச்சர் நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்தார். "ஆமா பெரியக்கா. அடிபட்டவங்க மண்டைய எண்ணி முடிக்காம அண்ணன் சாவியத் தொடவே மாட்டாரு. போலீஸ்காரங்க கத்துவாங்க, இவரு பாட்டுக்கு திரும்பவும் ஒண்ணுலேருந்து எண்ணுவாரு."

"அது விபத்து. இது வேதம்" என்றார் பெரியக்கா.

"நான் பாத்ததுதான் அதுல இருக்கு" என்றான் தம்பி. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு எடுத்தான். "பின்னாடி, கண்ணீரெல்லாம் துடைப்பாருன்னு வருதில்ல? அழுதவங்கள இங்கயே விட்டுட்டுப் போனா, அங்க யாரு கண்ணத் துடைக்கிறது?"

பெரியக்காவுக்கு, தான் வாசித்த ஒழுங்கை முதன்முதலாக யாரோ விளக்கிச் சொன்னது போலிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாண்டிய பக்கங்களைத் திருப்பி, விட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னைக்கு ஒரு அதிகாரத்தோட நிறுத்தப் போறதில்ல. கடைசி வரைக்கும் போறோம். எனக்குத் தொண்டை கட்டினா ஆளுக்கொரு அதிகாரம் வாசிக்கணும். யாரும் தூங்கக் கூடாது."

"நான் எங்க தூங்குறது, நீங்கதான் விடமாட்டேங்கிறீங்களே" என்றான் தம்பி. மகள் முதலில் சிரித்தாள்.

ஐந்தாம் கலசத்தில் இருள். இடிந்த கட்டடத்துக்கு அடியில் இருந்து ஒரு கிழவரை எடுத்த கதையை ஸ்ட்ரெச்சர் சொன்னார். கை வெளியே வந்ததும் அவர் கேட்டது தண்ணீர் இல்லை, பல்செட். "பல்லில்லாம ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், நர்ஸம்மா எல்லாம் இருப்பாங்கன்னாரு. அண்ணன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு அந்தப் பல்லத் தேடினாரு."

"கெடச்சுதா?" என்று மகள் கேட்டாள்.

"கெடைக்காம? எண்ணிக்கைல அதுவும் சேத்திதானே."

ஆறாவதில் தவளைகள் வந்தன. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே தவளை என்றால் ஆகாது. காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். ஏழாவதில் பெருங்கல்மழை. ஒவ்வொரு கல்லும் ஒரு மூட்டை எடை என்று பெரியக்கா விளக்கியபோது, "அத நான் ஒத்தையா தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் ஸ்ட்ரெச்சர்.

"ஏழு" என்றான் தம்பி. "இப்ப எடுங்க வண்டிய."

மாநகரம் விழுகிற அதிகாரங்களை மனைவி வாசித்தாள். வியாபாரிகள் வாங்க ஆளில்லாமல் அழுத சரக்குகளில் மெல்லிய துணியும் பட்டும் சிவப்புத் துணியும் வந்ததும் அவள் குரலில் தொழில் ஏறிவிட்டது. "இத்தனையும் வெட்டாமலேயே எரிஞ்சு போச்சா" என்று நிறுத்திக் கேட்டாள். "நீ ப்ளவுஸ் வெட்டுன லட்சணத்துக்கு எரிஞ்சதே மேல்" என்றான் தம்பி. அவள் அவன் காலைக் கிள்ளினாள். கிள்ளிய இடத்தையே தடவிக் கொடுத்தாள்.

அடுத்த இரண்டும் மீண்டும் பெரியக்காவின் முறை. புத்தகங்கள் திறக்கப்பட்டன. கடல் தன்னிடம் இருந்த இறந்தவர்களைத் திருப்பிக் கொடுத்தது.

தம்பி கையை லேசாகத் தூக்கினான். ஸ்ட்ரெச்சர் தரையைப் பார்த்தார். பல வருஷத்துக்கு முன் கடலில் அந்தப் படகு கவிழ்ந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கரையில் ஒருவர் தன் மனைவியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஓர் ஆள் குறைந்தது. வண்டிக்குள் கிடந்தவர்களுக்கு நேரமில்லை என்று மேலதிகாரி விரட்டினார். எண்ணிக்கை சேராமல் தம்பி வண்டியை எடுத்தது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு அவன் கடலைப் பார்க்கப் போனதில்லை.

"எல்லாரையுமா கொடுத்துச்சு?" என்று கேட்டான்.

பெரியக்கா வரியை மறுபடி பார்த்தார். "ஒருத்தரையும் விட்டதா போடல."

"இன்னொரு தடவ வாசிங்க."

ஒரே வரியை இருமுறை வாசிப்பதும் அந்த வீட்டில் வழக்கம் இல்லை. பெரியக்கா வாசித்தார்.

"அப்ப சரி" என்றான் தம்பி. ஸ்ட்ரெச்சர் பக்கம் முகத்தைத் திருப்பினான். "சரியாப் போச்சுடா." அவர் தலையாட்டினார். கைக்குட்டையைத் தேடிக் கிடைக்காமல் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்.

வெயில் கட்டில்வரை வந்திருந்தது. புதிய நகரத்தை மகள் வாசித்தாள். இப்போது அது தன் இடத்தில் வந்திருந்தது. கண்ணீர் துடைக்கப்பட்டபோது தம்பி கண்ணை மூடிக் கேட்டான். மதிலின் கற்கள் வந்ததும் மகள் வச்சிரக்கல்லில் தடுக்கி, கோமேதகத்தில் விழுந்து, வைடூரியத்தில் எழுந்தாள். "அவசரப்படாத, அது நகைக்கடை" என்றாள் அம்மா. பிறகு வாசல்கள். பகலில் அவை அடைக்கப்படுவதே இல்லை. இரவோ அங்கே கிடையாது.

"கேட்ட மூடவே மாட்டாங்களா?" என்றான் தம்பி.

"மூட மாட்டாங்க" என்றார் பெரியக்கா.

"வாட்ச்மேன்?"

"இருக்கிறதா போடல."

ஆஸ்பத்திரி வாசலில், பூட்டைத் திறக்காமல் பீடியை முடித்துவிட்டு வரும் வாட்ச்மேனோடு அவன் போட்ட சண்டைகள் அந்த வீட்டின் சொத்து. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப ஹாரன் வேண்டாம்" என்றான் தம்பி. "நேரா உள்ள விட்டுரலாம்."

முதலில் சிரித்தவர் பெரியக்கா. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. முதுகு முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்ட்ரெச்சர் ஹாரன் மாதிரியே சத்தம் எழுப்பிக் காட்டினார்.

சிரிப்பு ஒவ்வொருவராக ஓய்ந்தது. தம்பியின் முகத்தில் மட்டும் அது அப்படியே இருந்தது. ஸ்ட்ரெச்சர் எழுந்து வந்து இரண்டு விரலை அவன் கழுத்தில் வைத்தார். பழக்க தோஷத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெரியக்காவைப் பார்த்தார்.

மனைவி தம்பியின் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மகள் வேதத்தை மூடப் போனாள்.

"மூடாத. இன்னும் ஒரு அதிகாரம் இருக்கு" என்றார் பெரியக்கா.

அவரே வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறும் மரமும் வருகிற கடைசி அதிகாரத்தைக் கடைசி வார்த்தை வரை வாசித்தார். அதன்பிறகுதான் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

சாகக் கிடந்தவனைச் சுற்றி உட்கார்ந்து அந்த வீட்டார் சிரித்தார்கள் என்று தெருவிலும் சபையிலும் ஒரு பேச்சு உண்டு. அது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கமும் நன்றாகவே கேட்டிருக்கும். பெரியக்கா அன்றைக்கு மூன்று கலசங்களைத் தாண்டிவிட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சொன்னவள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பாதியில் போனவள். ஏழும் வாசிக்கப்பட்டன. யாரும் விடுபடவில்லை.