அஞ்சலித் தாளுக்கு அடியில் கிடந்த வரைபடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊர் கோர்னா ஸ்லிவாவின் நகராட்சி அலுவலக வாசல் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் விரல் வைக்க இடம் கிடையாது. எல்லாம் இறந்தவர்களின் படம் போட்ட அஞ்சலித் தாள்கள். ஆள் போனதும் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, பிறகு வருஷாவருஷம். உயிரோடு இருந்த காலத்தில் வீட்டைவிட்டு இறங்காதவர்கள்கூட இப்போது தெருவில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "2045-ஆம் ஆண்டில் எங்கள் ஊரில் குழந்தைகளின் எண்ணிக்கை, தற்போதைய போக்கின்படி"

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன், உங்களை எப்படிப் படிக்கச் சொல்வது?

அடுத்தது: "அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மழை"

மழை பெய்யவில்லை. வெயில்தான். அழகுக்காக எழுதினேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

2

வெசெலா எங்கள் பாலர் பள்ளியின் தலைமை ஆசிரியை. பிள்ளைகள் ஒன்பது பேர். அன்று அவள் தன் அப்பாவின் நாற்பதாம் நாள் தாளை எடுத்துவிட்டு ஆறாம் மாதத் தாளை ஒட்ட வந்திருந்தாள். பழையதை உரித்தாள். அடியில் ஒரு வரைபடம். அதில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் பாலர் பள்ளி இருக்கும் இடம் மட்டும் பழுப்புக் கோடுகளால் நிரம்பியிருந்தது. ஓரத்தில் விளக்கம்: கல்லறைத் தோட்ட விரிவாக்கம்.

நகராட்சிச் செயலாளர் கலினா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு ஜன்னலில் நின்றிருந்தாள்.

"கலினா, இங்க வா. என்னடி இது?"

"இருபது வருஷத் திட்டம். ஒரு மாசம் மக்கள் பார்வைக்கு வைக்கணும்னு சட்டம். வச்சோம்."

"யாரு பார்வைக்கு? எங்கப்பா பார்வைக்கா?"

"அவருக்கு நேர் பின்னாடிதான் இருந்துச்சு. அவரும் ஒண்ணும் ஆட்சேபணை சொல்லல."

"வெளையாடாத. யாரு இத மூடுனது?"

"நீதான். நாப்பதாம் நாளுக்கு வந்து பசையத் தாராளமா தடவி ஒட்டிட்டுப் போனியே."

"பாத்துட்டா இருந்த?"

"பாத்தேன். அப்பனப் பறிகுடுத்துட்டு அழுதுட்டு நிக்கிறவகிட்ட கொஞ்சம் தள்ளி ஒட்டுன்னு எந்த வாயால சொல்றது?"

"நான் போனதும் எடுத்திருக்கலாம்ல?"

"செத்தவங்க தாளையா? நானும் இந்த ஊர்லதான் குடியிருக்கேன்."

(குறிப்பு: எங்கள் ஊரில் அடுத்த வீட்டு அஞ்சலித் தாளை யாரும் தொட மாட்டார்கள். மழை கிழிக்கலாம், காற்று கிழிக்கலாம். மனிதரில் சொந்த வீட்டார் மட்டும். நகராட்சிக்கும் அந்த உரிமை இல்லை. சட்டத்தில் அல்ல, ஊரில்.)

ஆட்சேபணைக்கான மாதம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை கவுன்சிலில் வாக்கெடுப்பு.

3

இனி ரங்கெல் வர வேண்டும். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் திண்டாடினேன். ரங்கெல் கவுன்சிலர். சவப்பெட்டி செய்வதும் அஞ்சலித் தாள் அச்சடிப்பதும் அவர்தான். அவருடைய பேத்தி அந்த ஒன்பது பிள்ளைகளில் ஒருத்தி. கதைக்கென்றே செய்த ஆள் மாதிரி இருக்கிறார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பல் டாக்டராக மாற்றிப் பார்த்தேன். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. பழையபடி சவப்பெட்டிக்காரராகவே விட்டுவிட்டேன்.

கெட்டவராக்கவும் முயன்றேன். "ரங்கெலின் கண்களில் ஒரு குரூரமான"

இல்லை. அவர் கண்ணில் புரை, அவ்வளவுதான். விரிவாக்கம் வேண்டும் என்கிற அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போன வருஷம் எங்கள் ஊரில் நாற்பத்தொரு சாவு, மூன்று பிரசவம். கல்லறைத் தோட்டத்தில் மிச்சம் நான்கு இடம். அதற்குப் பிறகு பதினேழு கிலோமீட்டர் தள்ளிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டும்.

4

வெள்ளிக்கிழமை. வெசெலாவுக்குப் பேச மூன்று நிமிஷம்.

"ஒம்பது பிள்ளைங்க இருக்காங்க," என்றாள்.

"ஒம்பதுதானே இருக்காங்க, டீச்சர்," என்றார் கவுன்சில் தலைவர் ஸ்டாமென்.

"அந்த ஒம்பது பேரோட அப்பா அம்மா இந்த ஊர்ல இருக்கறதே பள்ளிக்கூடம் இருக்கறதாலதான். அதையும் எடுத்தா மூட்டையக் கட்டிருவாங்க. அப்ப நீங்க போட்ட கணக்கு சரியா வரும். சரியா வரட்டும்னுதான் இப்பிடிப் போட்டீங்களா?"

ஸ்டாமென் தாளைப் புரட்டினார்.

"நாலு எடம்தான் இருக்கு, வெசெலா," என்றார் ரங்கெல். "அஞ்சாவதா வர்ற வீட்டுக்காரங்ககிட்ட நான் என்ன சொல்ல? உங்க ஆளக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கன்னா?"

"மேட்டுல திராட்சத் தோட்டம் சும்மாத்தான கெடக்கு."

"பூராப் பாறைம்மா. ஒரு குழிக்கு வெடி வைக்கணும். உங்கப்பாவையே பள்ளிக்கூட வேலியோரமாத்தான வச்சோம்."

"அவருக்கு அங்க நல்லாத்தான் இருக்கு, ரங்கெல் மாமா. பிள்ளைங்க சத்தம் கேட்டுட்டுப் படுத்திருக்காரு. நாளைக்குச் சுத்தி நாலு பக்கமும் கல்லறைன்னா அவரு யாரு சத்தத்தக் கேப்பாரு?"

ரங்கெல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். வாக்கெடுப்பில் திட்டத்துக்கு ஆதரவாக ஐந்து கை. எதிராக ஐந்து, அதில் ஒன்று ரங்கெலுடையது. ஸ்டாமெனுக்குக் கோபம்.

"உன் தொழிலுக்கு நீயே குழி வெட்டுறியா?"

"வெட்ட எடம் இருந்தா வெட்ட மாட்டேனா?" என்றார் ரங்கெல். அவர் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

5

இங்கே இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் திட்டம் நிறைவேறுகிறது. வெசெலா ஊஞ்சலைக் கழற்றும் இடம் வரை எழுதினேன். அதற்கு மேல் மனசு வரவில்லை. இன்னொன்றில் திட்டம் தோற்கிறது, ஊரே கைதட்டுகிறது. இரண்டே மாதத்தில் நான்கு இடமும் நிரம்பி, ஐந்தாவதாக ஒரு வீட்டில் சாவு. அந்தப் பதினேழு கிலோமீட்டரை எழுத உட்கார்ந்தேன், எட்டாவது கிலோமீட்டரில் நிறுத்திவிட்டேன்.

செல்லங்களா, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எங்கள் கவுன்சிலில் பதினொரு பேர். நான் பத்துக் கைகளைத்தான் எண்ணிக் காட்டினேன்.

பதினொன்றாவது ஆள் நான். இந்தத் திட்டம் எனக்கும் வந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனேன். அதனால் கலினாவையும் பசையையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு வயது எண்பத்தொன்று. முன்பின் தெரியாத ஊரில் போய்ப் படுக்க எனக்கு இஷ்டமில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒன்பது பிள்ளைகள் கத்துவது கேட்கிறது, அது நின்றுபோகவும் இஷ்டமில்லை.

"அக்கா," என்கிறார் ஸ்டாமென், "நீங்க இன்னும் கை தூக்கல."

"இருப்பா," என்கிறேன்.

வெசெலா என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருக்கும் என் வலது கையைப் பார்க்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும் கையும் அதுதான். எழுதிக்கொண்டிருக்கும்வரை கையைத் தூக்க வேண்டியதில்லை என்றுதான் இவ்வளவு தூரம் இழுத்தேன். இனி இழுக்க முடியாது. பேனாவை வைத்துவிடுகிறேன். ஸ்டாமென் இரண்டு தடவை கேட்பார், முதலில் ஆதரவு, அப்புறம் எதிர்ப்பு. எந்தக் கேள்விக்குத் தூக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்.