நீலாம்பாளுக்கு எடுத்த கோடி

அன்றைக்கு அந்தக் கேரவன் வண்டியில் ஐந்து பேர் இருந்தோம். ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பிச்சையா என்கிற நான், என் ஒரே தங்கை நீலாம்பாள், அவள் மகள் ஸ்ரீப்ரியா, ஸ்ரீப்ரியாவின் கணவன் அனீஷ், வண்டியை ஓட்டிய ரதீஷ்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீப்ரியா யாரிடமும் கேட்காமல் அனீஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கழக்கூட்டத்தில் இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. அவன் மலையாளி, ஜாதியும் வேறு. விஷயம் தெரிந்த அன்று, இனி அவள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லை. கணவன் இறந்த பிறகு நீலாம்பாள் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டாள். அதன் பின் அவளையும் நான் பார்க்கவில்லை.

போன ஆடியில், இங்கே கர்க்கடகம் என்கிற மழை மாதத்தில், ஸ்ரீப்ரியா போன் செய்தாள். அம்மாவுக்குப் புற்று கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

"நெய்யாறு அணைப் பக்கம் ஒரு நாள் போகணும்னு அம்மா ஆசப்படுதா மாமா. படுத்துக்கிட்டே போறதுக்கு ஒரு கேரவன் பேசியிருக்கோம். மழைக்காலம், ஆளே இல்லாததால கெடச்சுது. நீங்களும் வரணும்."

வண்டி வீடாகாது. யோசித்துப் பார்த்ததில் என் சொல்லுக்கு இடைஞ்சல் எதுவும் தெரியவில்லை. வருகிறேன் என்றேன்.

அவ்வளவு பெரிய வண்டி ஆரியசாலைத் தெருவுக்குள் நுழையாது. கிள்ளிப்பாலத்தில் நிறுத்தியிருந்தார்கள். அனீஷ் இறங்கி வந்து, "அம்மாவா, சூக்ஷிச்சு ஏறுங்கோ" என்று, பார்த்து ஏறச் சொல்லிக் கையை நீட்டினான். மலையாளத்தில் தாய்மாமனுக்கு அம்மாவன் என்று பேர். நான் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டேன்.

நீலாம்பாள் உள்ளே கட்டிலில் கிடந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"வாங்கண்ணே. ஒருவழியா எம்மவ வீட்டுல காலு வச்சாச்சு."

"இது வண்டி" என்றேன்.

"ஆமா, வண்டிதான். அடுப்பும் கட்டிலும் கக்கூசும் உள்ள வண்டி."

ஸ்ரீப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காட்டாக்கடை தாண்டியதும் மழை வலுத்தது. ஏரிக்கரைச் சாலையில் ஒரு ஆள் இல்லை. படகுகளைக் கரையில் கட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பூட்டு தொங்கியது. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் புகைபோல் இருந்தது. "ஆரும் இல்லல்லோ சாரே, மழையத்து ஆரு வரும்!" என்று ரதீஷ் முன்னாலிருந்து சொல்லிவிட்டு, தண்ணீர் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார்.

நீலாம்பாள் வெளியே பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பாரு, தண்ணி நிறைஞ்சு கெடக்கு" என்றேன்.

"தண்ணிய யாரு பாக்க வந்தா? நீங்க எங்க வீட்டுக்கு வர மாட்டீங்க. உங்க வீட்டுக்கு எம்மவள விட மாட்டீங்க. பின்ன ரோட்டுலதானே பாக்க முடியும்? அதான் அனீஷ் இந்த வண்டியப் பிடிச்சான்."

அனீஷ் தலையைக் குனிந்தபடி அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு டம்ளர் நீட்டினான். வயிறு சரியில்லை என்றேன். சரியாகத்தான் இருந்தது.

எங்களில் ஒரு பெண் இறந்தால், குளிப்பாட்டிய பிறகு பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுச்சேலை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். அதுதான் கோடி. கோடி வராமல் போகிறவளைக் கேட்க நாதியற்றவள் என்பார்கள். நீலாம்பாள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"எனக்குக் கோடி நீங்க வந்து போடணும்ணே. நாலு பேரு முன்னால எம்மவ தலகுனிஞ்சு நிக்கக் கூடாது."

"ஆரியசாலைக்கு வந்துரு. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு."

"ப்ரியாவும் அவனும்?"

நான் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தேன்.

"அப்ப எம்மவ வீட்டுலதான் சாவேன்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "கோடின்னு சாலைக் கடையில மலிவா எதையாவது முடிச்சுராதீங்க. பாலராமபுரத்துக் கைத்தறி எடுங்க. நைலக்ஸ்னா எனக்கு வேர்க்கும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. ஸ்ரீப்ரியா அவளைத் தூக்கிப் பிடித்து வாயைத் துடைத்துவிட்டாள்.

"வருவீங்களா? ஒரு வார்த்த சொல்லுங்க."

"கோடி வரும்" என்றேன்.

அவள் கேட்டது அதை அல்ல. இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்போதுதான் ஏரியைப் பார்த்தாள். கிள்ளிப்பாலத்தில் நான் இறங்கும்வரை அப்படியே கிடந்தாள்.

மறுநாளே பாலராமபுரம் போய், ஜரிகைக் கசவுக்கரை போட்ட கைத்தறிச் சேலை ஒன்று எடுத்து வைத்தேன். பதினோராம் நாள் காலையில் போன் வந்தது.

கழக்கூட்டத்தில் அவர்கள் இருப்பது இரண்டாவது மாடி. தாம்பாளத்தில் சேலையும் பூவும் மஞ்சளும் வைத்துக்கொண்டு கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்றேன். சொந்தத்தில் வேறு யாரும் வரவில்லை. நான் போகாத வீட்டுக்கு அவர்களும் போவதில்லை. எங்கள் பக்கம் முற்றத்தில் வைத்துத்தான் குளிப்பாட்டுவோம். அதனால் அவளைக் கீழே கொண்டுவருவார்கள், அங்கேயே போர்த்திவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

அனீஷ் ஈர வேட்டியோடு இறங்கி வந்தான். "அம்மாவா, குளிப்பிச்சாச்சு. வாங்கோ."

"கீழ கொண்டு வாங்க. இங்க வச்சுப் போடுதேன்."

"லிஃப்ட்ல கேறாது அம்மாவா. பொதிஞ்சு கெட்டித்தான் படியில எறக்கணும். அதுக்கு முன்ன போடணும்." படியைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு மாடிதான். நான் பிடிச்சுக்கலாம்."

படிக்கட்டு எனக்கு நான்கு அடி தூரத்தில் இருந்தது. மேலே ஸ்ரீப்ரியா அழுவது கேட்டது. நான் தாம்பாளத்தை நீட்டினேன்.

அவன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். "எதுவாக்கும் தலைக்கு வரணும்?"

"முந்தி தலைப்பக்கம் வரணும். முகத்த மூடாத" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போனான்.

இப்போது ஆரியசாலையில், கடைசி நேரத்தில் பிச்சையா வீம்பை விட்டுப் படி ஏறிப் போய்த் தங்கைக்குத் தன் கையாலேயே கோடி போட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். ஸ்ரீப்ரியா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அது உண்மையல்ல. நான் ஏறவில்லை. கோடி போட்டது அனீஷ்.