எக்ஸாஸ்ட் ஓடவில்லை

வெளிச்சம் இன்னும் முழுசாக வரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அந்த மருந்துக் கம்பெனி லேபின் கடைசி அறையில் பிரின்சி ஒருத்தியாக நின்று பிப்பெட்டை அமுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது குப்பி முடிப்பதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும். நோயாளிகளுக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்தின் சாம்பிள் அது. அப்படியே வைத்தால், மருந்தின் அளவைச் சோதிக்கும் எல்.சி. மெஷினுக்கு அதில் ஒன்றுமே தெரியாது. ஒரு ரசாயனத்தைக் கலந்து ஒட்டவைத்தால்தான் ஒளிரும், மெஷின் அளக்கும். கலந்த இரண்டு நிமிடத்தில் மெஷினுக்குள்ளே போயாக வேண்டும். தாமதித்தால் எல்லாம் குலைந்துவிடும்.

அந்த ரசாயனத்தின் நாற்றம் இருக்கிறதே, அழுகிய முட்டை தோற்றுப்போகும். எத்தனை சோப்புப் போட்டாலும் தலைமுடியை விட்டுப் போகாது. கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டு காலி. கேன்டீன் மேஜையும் காலி. கூட உட்கார்ந்தவள் அஸ்வினி ஒருத்திதான். அவளும் இதே அறைக்காரி. நேற்று அவள் இந்த மேஜையடியில் மயங்கி விழுந்தாள். நாற்றத்தை உறிஞ்சி வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் நின்று மூன்று வாரம்.

மேனேஜர் சந்திரமோகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ரெஜிஸ்டர்ல எழுதும்மா. எக்ஸாஸ்ட் ஓடிச்சு, அஸ்வினி மாஸ்க் போடல. அவ்ளோதான்.”

எழுதினால் அஸ்வினிக்கு வேலை போகும். வைத்தியத்தையும் கம்பெனி கைகழுவிவிடும். பிரின்சி குனிந்து எழுதினாள். அவர் நிம்மதியாக உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

‘எக்ஸாஸ்ட் மூன்று வாரமாக ஓடவில்லை. மாஸ்க் கொடுக்கவில்லை. அஸ்வினி மயங்கி விழுந்தாள்.’ கீழே கையெழுத்து, தேதி.

“இன்னா எழுதிக்கீற? கிழி அந்தப் பக்கத்த!”

“பக்கத்துக்கு நம்பர் இருக்குது சார். ஆடிட்டர் எண்ணிப் பாப்பாங்க.”

“அப்ப அடிச்சுடு.”

“ஒரே கோடுதான் போடணும், அடியில இருக்கறது படிக்கத் தெரியணும், ஏன் அடிச்சோம்னு எழுதிக் கையெழுத்து போடணும். சேந்த மொத நாளே நீங்கதான சார் சொல்லிக் குட்த்தீங்க? நீங்களே போடுங்க.”

பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“கான்ட்ராக்ட் ஆளு நீ. கேட்டாண்ட பத்துப் பேரு நிக்கறான், தெரியுமில்ல?”

“நிக்கட்டும் சார். எக்ஸாஸ்ட் ஓடற வரைக்கும் நான் கலக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு ரசாயன பாட்டிலை மூடினாள். இவ்வளவு பெரிய கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

சத்தம் கேட்டு, கண்ணாடிச் சாமான் கழுவும் கங்கம்மா ஈரக்கையோடு வந்தாள். பின்னாலேயே மெஷின் பார்க்கிற சாம்சன்.

“சாம்சன், நீ கலக்குய்யா!”

சாம்சன் ரெஜிஸ்டரை நிதானமாகப் படித்தான். “இவ கலக்கலன்னா மெஷின்ல வெறும் கோடுதான் சார் வரும். வரட்டும். நானும் கலக்கல.”

கங்கம்மா பிரின்சியிடம் திரும்பினாள். “மூணு வாரமா ஏண்டி வாயத் தொறக்கல?”

“யாராண்டக்கா சொல்றது? யாருந்தான் கிட்டவே வரமாட்டீங்களே.”

கங்கம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

“தப்புதான். பேனாவக் குடு.”

மேனேஜர் நடைபாதையில் நின்று, புது ஆள் அனுப்பச் சொல்லி கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பிரின்சியின் கையெழுத்துக்குக் கீழே கங்கம்மா எழுத்தைக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை முடித்தாள். அடுத்து சாம்சன். விஷயம் கேள்விப்பட்டு, பேக்கிங் பகுதியிலிருந்து நாலு பேர் அறைக்குள் நுழைந்தார்கள்.

“தேதி போட மறக்காதீங்க,” என்றாள் பிரின்சி. ரெஜிஸ்டரின் அந்தப் பக்கத்தில் இன்னும் பதினோரு வரி காலியாக இருந்தது.