கடைசிச் சரணத்துக்கு வேறு மெட்டு

மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை அம்மா மறுபடியும் பிடுங்கப் பார்த்தாள். மகள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இரும்மா. என்ன வேணும், வாயைத் திறந்து சொல்லு."

"தவளை மெட்டுப் போட்டானே, ஒரு பாட்டு. பாட்டுக்குழு பூரா கேட்டுச்சு. நான்தான் இன்னும் கேக்கலை."

தவளை என்றால் சின்னத் தம்பி. கீபோர்டில் அவன் விரல் வைத்தால் சொக்கிப் போகலாம். வாயைத் திறந்தால் எழுந்து ஓடத்தான் வேண்டும். அம்மாவே வைத்த பெயர். அவன் இப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். பெரிய தம்பி ஜன்னலோரம், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. இருவருக்கும் பேச்சு நின்று பல மாதங்கள். காரணமே அந்தப் பாட்டுத்தான்.

தேவாலயத்தில் பாடுகிற பழைய ஞானப்பாட்டு. வெளிநாட்டு மெட்டுக்குள் தமிழை யாரோ அமுக்கித் திணித்தது. முதல் வரியிலேயே ஒரு சொல்லைப் பாதியில் உடைத்து, மூச்சு வாங்கிவிட்டு மீதியைப் பாட வேண்டும். சின்னவன் வரிகளைத் தொடாமல் புது மெட்டுப் போட்டான். ஒரே ஒரு ஒத்திகை. அது முடிந்ததும் பாடகர் குழுவை நடத்துகிற பெரியவன், "இது கோயில், கச்சேரி மேடை இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அம்மா அப்போதே படுக்கையில்.

பொழுது சாயும்வரை தாங்கினால் அதிகம் என்று நர்ஸ் காலையில் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"போன்ல இருக்குமேடா, போடு."

"அன்னிக்கே அழிச்சிட்டேன்க்கா."

"கீபோர்டு?"

"கோயில்ல பூட்டிக் கிடக்கு. சாவி எங்கேன்னு அவரையே கேளு."

"காவலாளிகிட்ட. அவர் வெளியூர்ல," என்றான் பெரியவன், ஜன்னலைப் பார்த்து.

அவளுக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. "அப்ப நீயே பாடுடா!"

சின்னவன் தொண்டையைச் செருமினான். முதல் வரியிலேயே குரல் கிழிந்தது. சுருதி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

"போதும்டா," அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இதைக் கேட்டா இப்பவே போயிடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

ஜன்னல் பக்கமிருந்து பாட்டு எழுந்தது. பழைய மெட்டைத்தான் எடுக்கிறான் பாவி என்று அவள் பல்லைக் கடித்தாள். இல்லை. முதல் வரியில் அந்தச் சொல் உடையாமல் முழுசாக வந்தது. சின்னவன் தலையைத் தூக்கினான். ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு வேண்டாமென்று சொன்னவன், ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் பாடிக்கொண்டிருந்தான்.

அம்மாவின் விரல் மகளின் உள்ளங்கையில் மெல்லத் தாளம் போட்டது. இரண்டாம் சரணம் முழுவதும் போட்டது. மூன்றாவதில் ஒரு வரியின் நடுவே நின்றுவிட்டது. மகள் காத்திருந்தாள். மார்பு ஏறி இறங்கவில்லை. ஆக்சிஜன் மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

மூன்றாம் சரணம் முடிந்து பெரியவன் திரும்பினான். தம்பியை நேராகப் பார்த்தான்.

"கடைசிச் சரணத்துக்கு வேற மெட்டுல்ல? மேல எடுக்கணுமா?"

"ஆமாண்ணே." சின்னவன் கையை மேலே உயர்த்திக் காட்டினான். "மேலதான்."

"நீயும் கூட வா."

"நானா? அம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும்." பெரியவன் கட்டிலருகே வந்தான். "அக்கா, அம்மா கேக்குறாங்கல்ல?"

"கேக்குறாங்க," என்றாள் அவள். "பாடுங்க."

இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். அவள் அம்மாவின் விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள்.