பாஸ்டிப் பெட்டி இருந்த இடம்

கார்டி ருவோனா, டாலியின் மதுக்கடைக்குள் நுழைந்தபோது, டாலியும் லியோவும் ஒரு மணி நேரமாகக் காத்திருந்து அலுத்துப்போயிருந்தார்கள். தவறு கார்டியுடையதுதான். அவர் வீடு மாவட்ட எல்லைக்கு மேற்கே. அங்கே நேர மண்டலமே வேறு, கடிகாரம் ஒரு மணி பின்தங்கி ஓடும். டாலியின் கடை எல்லைக்குக் கிழக்கே. எங்கள் பக்கத்தில் மேற்கே ஓடுவதை மெது நேரம் என்பார்கள், கிழக்கே ஓடுவதை வேக நேரம் என்பார்கள். கல்யாணமோ கருமாதியோ, எந்த நேரத்துக்கு என்று கேட்காமல் ஒருவரும் கிளம்ப மாட்டார்கள். அறுபத்தெட்டு வருஷமாக இந்த ஒரு மணியைக் கூட்டிக் கழித்தே வாழ்ந்த கார்டி அன்றைக்குக் கோட்டைவிட்டார்.

மற்றவர்களுக்கு அது சிரிப்பு. கார்டிக்கு மட்டும் பயம். அவருடைய அம்மா இதே வயதில்தான் முதலில் நேரத்தைத் தொலைத்தாள், பிறகு பெயர்களை, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே. போன வாரம் அடுப்பை அணைக்க மறந்ததை மகளிடம் உளறிவிட்டு, அவள் தொலைபேசியில் விட்ட பெருமூச்சை கார்டி இன்னும் காதில் சுமந்துகொண்டிருந்தார்.

ஆனால் அன்று பேச வேண்டிய விஷயம் வேறு. ஹல்மன் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணி இருபத்தொன்பது வருஷம் கழித்து இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. சனிக்கிழமை, செயின்ட் பாலில். மார்ச் மாதம் என்று பெயர்தான், கடைவாசலில் பனி ஜன்னல் உயரத்துக்கு நின்றது. மூவரும் அந்தக் கல்லூரியில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. லியோ ஸ்டிமாக் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர், டாலி பியாங்கி அப்பாவின் மதுக்கடையை நடத்துபவள், கார்டி மாவட்டச் சாலைகளில் பனி தள்ளியவர். படித்தவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விடுவார்கள். தோற்கும்போது தொண்டை கட்டக் கத்த இவர்கள்தான் மிச்சம்.

இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இருபத்தொன்பது வருஷம் முன்பு, கோப்பையை ஜெயித்த வருஷம் எப்படிப் போனோமோ, பெரிய ஆட்டத்துக்கு அப்படியேதான் போக வேண்டும். அதே பாதை, அதே சாப்பாடு (இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி), அதே ஆட்கள். சட்டம் போட்டது கார்டி. காவலும் அவரே. நான்கு வருஷம் முன்பு அரையிறுதிக்கு லியோவின் மச்சான் வருகிறேன் என்று கெஞ்சியபோது, ஜெயித்த வேனில் இல்லாதவனுக்கு இந்த வேனில் இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியவர்.

டாலி ஒரு காகிதத் தட்டு விரிப்பைத் திருப்பிப் போட்டுப் பயணத்தை எழுத ஆரம்பித்தாள். ஜெயித்த வருஷம் போன பாதை எது என்பதில்தான் முதல் சண்டை. விஸ்கான்சின் காட்டு வழி என்றார் லியோ, பெரிய ஏரிக்கரை வழி என்றார் கார்டி. நாற்பது மைலுக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி இறங்கி ஓடுகிற லியோவுக்கு எந்த வழியானால் என்ன, கழிவறைகளை எண்ணினாலே பாதை தெரிந்துவிடும் என்றாள் டாலி. கார்டியும் விடவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் கழுத்துத் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவள் டிக்கெட் வாங்குவதே வீண் என்றார். எல்லாம் வழக்கமான கேலிதான், முப்பது வருஷமாக ஒரு வார்த்தை மாறாதது.

கடைசியாக டாலி வேனை வரைந்தாள். ஓட்டுநர் இடத்தில் லியோ, பக்கத்தில் தான். பின்னால் இடப்புறம் கார்ல். கார்ல் கார்டியின் தம்பி. ஜெயித்து ஒரு மாதத்துக்குள் ஏரியில் பனிக்கட்டி உடைந்து போய்ச் சேர்ந்தவன். அவன் இடத்தில் டாலி ஒரு சிலுவை போட்டாள். வலப்புறம் அவள் பென்சில் நின்றது.

"அங்க நான்," என்றார் கார்டி.

லியோ தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த இடத்துல நீ இல்லடா கார்டி. பாஸ்டிப் பெட்டிதான் இருந்துச்சு."

கார்டி சிரித்தார். டாலி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாலு வருஷம் முன்னாடி உன்னக் கூட்டிட்டுப் போனோம், தோத்தோம்," என்றார் லியோ. "அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். அப்பவே சொல்லியிருக்கணும். ஜெயிச்ச வருஷம் நீ வரவே இல்ல. புயல் அடிச்சுது, மாவட்டத்துல லீவு குடுக்கல. நீ பனி தள்ளிட்டு இருந்த."

கார்டிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஆட்டத்தை அவர் தன் உள்ளங்கையைப் போல அறிவார். கூடுதல் நேரம், இடது பக்கம். வட்டு கம்பத்தில் பட்டது, கோல்காவலனின் தோளில் பட்டது, பிறகுதான் உள்ளே விழுந்தது. பின்வரிசைக் குண்டு மனிதர் ஒரு முழுக் கோப்பை பியரை முதுகில் கொட்டினார். கார்ல் துள்ளித் துள்ளிக் கத்தினான். எங்கிருந்தோ இரும்பு தரையைத் தேய்க்கும் சத்தமும் டீசல் நெடியும் வந்தன. ஆடுகளத்துப் பனித் தரையை வழவழப்பாக்கும் வண்டியைக் கிளப்புகிறார்கள் என்று கார்டி அப்போதே நினைத்துக்கொண்டார். இத்தனையும் பார்க்காமல் எப்படித் தெரியும்?

கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசினார். கோல் விழுந்தபோது மணி பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் என்றார். இல்லை, பன்னிரண்டுக்குப் பத்து என்றார் லியோ. கார்டி மேசையைத் தட்டினார். லியோவின் கைக்கடிகாரம் ஊர் வேக நேரத்தில் ஓடியிருக்கும், செயின்ட் பாலிலோ மெது நேரம். மைதானத்துக் கடிகாரம் காட்டியது அவருடைய மணியைத்தான். அங்கே இல்லாதவனுக்கு அது எப்படித் தெரியும்?

டாலி மெல்லக் கேட்டாள். "உன் வீட்லயும் மெது நேரம்தானேப்பா? உன் வீட்டுக் கடிகாரமும் அதே மணியத்தான காட்டியிருக்கும்?"

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல கார்டி உட்கார்ந்திருந்தார். வேனில் இடம் போவது ஒரு பக்கம். வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று அவர் வைத்திருந்தது அந்த ஒரு நாள்தான். அதில் அவர் இல்லவே இல்லை என்றால், இந்தத் தலையில் மிச்சம் இருப்பதில் எதை நம்புவது? மகள் சொல்கிற மருத்துவரிடம் போய், ஐயா, நடக்காததெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று சொல்வதா?

வீட்டுக்கு வந்து அலமாரி, பரண், கேரேஜ் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். டிக்கெட்டின் துண்டு கிடைக்கவில்லை. புகைப்படம் இல்லை. வேனில் அதுவரை எத்தனை தடவை போனோம் என்று எண்ணப் பார்த்து, எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறியதால் பயந்து நிறுத்தினார். கடைசியில் அடித்தள அறையில், ஆணியில் தொங்கிய சிவப்புக் கறுப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு கண்ணில் பட்டது. திருப்பிப் பார்த்தார். முதுகு முழுக்கப் பழுப்புக் கறை. கார்டிக்குப் போன உயிர் திரும்பியது.

மறுநாள் ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் டாலியின் நேரத்துக்குப் போய், கோட்டை மேசையில் விரித்தார். லியோ அந்தக் கறையை நெடுநேரம் பார்த்தார்.

"இது என் கோட்டு," என்றார் கார்டி. "எம் பேரு காலர்ல இருக்கு, எங்கம்மா தச்சது. வீட்ல தொங்குன கோட்டு மேல செயின்ட் பால்ல இருந்து பியர் பறந்து வந்துச்சா?"

லியோவுக்குக் குழப்பம் வந்துவிட்டது. தானே தவறோ என்று டாலியைப் பார்த்தார். தவறுதான், இவன் வந்திருக்கிறான் போல என்று சொல்லவும் வாயெடுத்தார். டாலி கோட்டைத் தன் பக்கம் இழுத்து, பைகளைத் துழாவினாள். உள்பையிலிருந்து துருப்பிடித்த ஒரு வட்டத் தகர டப்பா வந்தது. வாயில் அடக்கும் புகையிலை டப்பா.

கார்டி புகையிலையைத் தொட்டதே இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் கடைசிவரை அடக்கிக்கொண்டிருந்தவன் கார்ல்.

டப்பாவைக் கையில் வாங்கியதும் மூடி கொஞ்சம் நழுவியது. அந்தப் பழைய வாசனை வந்தது, கூடவே மற்றதும் வந்தது. வெள்ளிக்கிழமைக் காலை, புயல். பனி தள்ளும் லாரியை கார்டி ஓட்டிப் போக, பின்னாலேயே லியோவின் வேன். மாவட்ட எல்லையில் அவருடைய பொறுப்பு முடிகிறது. வண்டியை ஓரங்கட்டினார். மெல்லிய ஜாக்கெட்டில் நடுங்கிக்கொண்டு கார்ல் இறங்கி ஓடி வந்தான். ஓட்டுநர் அறையில் வெப்பம் இருந்தது, கார்டி கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக அவன் தலையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவன் அதே கோட்டில், தூக்கம் கலையாத கண்ணோடு நேரே லாரிக்கே வந்து ஏறினான். பணி முடியும்வரை இறங்கவில்லை. ஒரு காகிதக் கோப்பையில் துப்பித் துப்பி, கம்பம், தோள், பியர், மைதானத்துக் கடிகாரத்தில் மணி என்ன என்பதுவரை சொன்னான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னான். கீழே இரும்புத் தகடு சாலையைத் தேய்த்துக்கொண்டே போனது. டீசல் நெடி அடித்தது.

கார்டி டப்பாவை மூடினார். அழுதார். வெட்கப்படாமல், மூக்கைக் கோட்டின் கையில் துடைத்துக்கொண்டு அழுதார்.

"ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டார்.

டாலிதான் பதில் சொன்னாள். "கார்லைப் புதைச்சுட்டு வந்து, சர்ச்ல எல்லாரும் காப்பி குடிச்சோம் ஞாபகம் இருக்கா? ஒருத்தர் வாயிலயும் பேச்சு வரல. நீ எந்திரிச்சு, நானும் கார்லும் பாத்தோம்னு அந்த கோலச் சொன்ன. உங்கம்மா சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எவன் போய் உன்ன மறிப்பான்?"

கார்டிக்கு அந்தக் காப்பி ஞாபகமில்லை. ஆனால் அம்மா சிரித்தது ஞாபகம் இருந்தது. எங்கே, எதற்கு என்று தெரியாமல் இத்தனை வருஷமாக இருந்தது.

லியோ நல்லவர்தான், ஆனால் சட்டம் என்றால் சட்டம் என்கிற ஆள். வேனில் இல்லாதவன் வரக்கூடாது என்று போட்டது கார்டியே என்று தயங்கித் தயங்கி நினைவூட்டினார். கார்டி மறுக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். லியோவின் மச்சானுடைய முகம் நான்கு வருஷம் கழித்து இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் வரவில்லை, வானொலியில் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்தார்.

"அன்னிக்கு கோட்டு வேன்ல போச்சுல்ல?" என்றாள் டாலி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஜெயிச்ச வேன்ல அந்தக் கோட்டு இருந்துச்சு. அப்ப அது வந்தே ஆகணும். தனியா சீட்ல உக்காருமா? உள்ள ஒரு ஆள் வேணும்."

லியோ யோசித்தார். பிறகு, நியாயத்தில் பிசகு வரக்கூடாது என்று, எழுந்து கோட்டைத் தானே போட்டுப் பார்த்தார். வயிற்றில் பொத்தான் ஒரு சாண் தூரத்தில் நின்றது. கழற்றிக் கார்டியிடம் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி, வேக நேரம், என்று காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை கார்டி ஒரு மணி முன்னதாகவே வந்து நின்றார். இம்முறை குழப்பத்தால் அல்ல, பொறுக்க முடியாமல். பின் இருக்கையில் இடப்புறம் உட்கார்ந்தார். வலப்புறம் பாஸ்டிப் பெட்டி, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த சூட்டோடு அவர் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. மாவட்ட எல்லை வந்தது. லியோ முதல் தடவையாக இறங்கி ஓடினார், திரும்பி வந்தார். வேன் மறுபடி கிளம்பியது.

வழக்கமாக இந்த இடத்தில்தான் கார்டி அந்த கோலைச் சொல்லத் தொடங்குவார். இன்று வாயைத் திறக்கக் கூச்சமாக இருந்தது.

"இந்தத் தடவ நீ சொல்லு லியோ," என்றார். "அங்க இருந்தவன் நீதான். எப்படி விழுந்துச்சு அந்த கோல்?"

லியோ சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். ஒரு மைல் போனது, இரண்டு மைல் போனது. அவருடைய காது மடல்கள் சிவந்தன.

"நான் பாத்ரூம் வரிசையில நின்னுட்டு இருந்தேன்," என்றார் கடைசியில்.

கார்டி டாலியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கழுத்துத் துண்டை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள்.

"வேன்ல போன மூணு பேர்ல பாத்தது கார்ல் மட்டுந்தான்," என்றார் லியோ. "திரும்பி வர்றப்ப அவன் வழியெல்லாம் தூங்கிட்டான். எங்களுக்கும் நீ சொன்னதுதான் தெரியும். வளத்தாதடா, ஆரம்பி."

கார்டி கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "இடது பக்கம்," என்று தொடங்கினார்.