குயிரோங்குக்கு ஒரு பொய் வேண்டும்

1.

இந்தக் கதை எனக்கு லிஃப்ட்டில் கிடைத்தது. எங்கள் ஆலைக் குடியிருப்பின் ஐந்தாம் மாடிக்காரி தாங் குயிரோங், கம்பளியில் சுற்றிய ஜாடி ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே புளிக்கவைத்த இனிப்புச் சோறு. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் அதில் முட்டை உடைத்து ஊற்றிக் காய்ச்சிக் கொடுப்பது சீனாவில் எங்கள் சிச்சுவான் பக்கம் தாயின் வேலை. பெல்ஜியத்தில் இருக்கும் மகள் யிஃபெய்க்கு இது தலைப்பிரசவம். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவள் ஜாடியை இன்னும் இறுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பொருளாதார வளர்ச்சியும் தேசப் பாதுகாப்பும் ஒரே நாணயத்தின்...' (வேண்டாம். அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது.)

மறுபடியும்: தையல் மெஷினுக்கு மோட்டார் செய்துகொண்டிருந்த ஆலை நவீனமானது. புதுக் கூரை, ஏசி, நல்ல சம்பளம். இப்போது அந்த மோட்டார்கள் போய்ச் சேரும் இடம் [ ]*

* அச்சுப் பிழை அல்ல. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையை எழுதவே மாட்டேன்.

3.

அந்த மோட்டார்களைச் செய்யும் புதுப் பிரிவுக்குக் குயிரோங்கை மேற்பார்வையாளர் ஆக்கியபோது, கட்சிச் செயலாளர் அவள் சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்தினார். கூடவே, அந்தப் பிரிவில் இருப்பவர்கள் வெளிநாடு போகக்கூடாது என்று பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் எங்கே போகப்போகிறேன் என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். படிக்கப் போன மகள் திரும்பிவிடுவாள் என்ற நம்பிக்கை. மகளோ அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள்.

இப்போது திருப்பிக் கேட்டால், பாதுகாப்புப் பிரிவு பெங் அவள் முகத்தைப் பார்க்காமல் தேநீர் ஊற்றுகிறான். (இவனை வில்லனாக்கப் பார்த்தேன், மாட்டேன் என்கிறான். யிஃபெய்க்குச் சைக்கிள் பழக்கியவனே இவன்தான்.)

"வேலைய விட்டாலும் சில வருஷம் கிடைக்காது அக்கா. ஏன்னு வெளியில சொல்லவும் கூடாது. மகள்கிட்டயும்தான்," என்றான்.

4.

அவள் கணவர் லுவோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தான் போவதாகச் சொன்னார். வெந்நீர் வைக்கவே தெரியாத மனுஷன்! ஆண்பிள்ளை போய்ப் பத்தியம் பார்ப்பதை எங்கள் பக்கம் யார் கண்டார்கள்? அவள் சொல்லிக்கொடுத்தாள்: பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடக்கூடாது, ஜன்னலைத் திறக்கக்கூடாது. அவர் முட்டையைக் கருக்கினார். அவள் அதைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு அழுதாள்.

"அம்மா ஏன் வரலன்னு கேப்பாளே."

"எங்கிட்டயும் நீ காரணம் சொல்லல, நானும் கேக்கல. எனக்குப் பரவால்ல, பழகிட்டேன். அவ பாவம், பச்சை உடம்புக்காரி ஆகப்போறா," என்றார் லுவோ.

ஜாடியை விமானத்தில் விடமாட்டார்கள். சோற்றைப் புளிக்கவைக்கும் மாவுருண்டைகளை அவருடைய சாக்ஸுக்குள் பொதிந்து பெட்டியில் வைத்தாள்.

5.

முடிவு ஒன்று: முழங்கால் வலி என்கிறாள். மகள் பயந்துபோகிறாள்.

முடிவு இரண்டு: லீவு கிடைக்கவில்லை என்கிறாள். என்னைவிட வேலைதான் பெரிதா என்று மகள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

முடிவு மூன்று: உண்மையைச் சொல்லி [ ]

நாளை லுவோ கிளம்புகிறார். அம்மா வரவில்லை என்று மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. இதோ, போன் அடிக்கிறது. யிஃபெய்தான், முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. குயிரோங் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். பார்த்துப் பயனில்லை, எனக்குத் தெரிந்த பொய்களெல்லாம் தீர்ந்துவிட்டன. பிள்ளை பெறப்போகிறவளுக்கு வலிக்காத பொய் ஏதாவது உங்களிடம் இருந்தால் கொடுங்கள். சீக்கிரம். குயிரோங் போனை எடுத்துவிட்டாள்.